எதிரே வந்ததெல்லாம் கண்ணடித்தது

“நிம்மி... லாரி... லாரி...”

அருண்குமார் அலறிய அலறலில், நிர்மலாதேவி ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தாள்.

எதிரே வந்த லாரி பளீர்... பளீர்... பளீர் என்று வெளிச்சத்தை அடித்துவிட்டு, காரை உரசாத குறையாகக் கடந்து போனது. போகிற போக்கில் டிரைவர் ஜன்னல் வழியே ஏதோ சொன்னான்.

நல்ல வார்த்தை இல்லை.

“டிம் போடு, டிம் போடுன்னு அப்பத புடிச்சு சொல்லுதேன்.”

“டிம்லதான் போட்டிருக்கேன்.”

“பெறவு ஏன் வாரவன் பூராவும் லைட்ட அடிக்கான்?”

“அத அவன்ட்ட எறங்கிக் கேளுங்க.”

அருண்குமார் இறங்கவில்லை. சீட் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

திருவேங்கடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணின் அப்பா சண்முகையா, நிர்மலாதேவி இயற்பியல் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். முகூர்த்தம் மறுநாள் காலையில். ‘மாப்பிள்ளை மேக்கப்ல இருக்காரு, இந்தா வந்துருவாரு’ என்று மண்டபத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலியும் காலி. காத்திருந்து பார்த்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, சண்முகையா கையில் பரிசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

சங்கரன்கோவில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது இருவருக்கும்.

நன்றாக இருட்டியிருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. நடுவில் நேராக ஓடும் ரோடு.

அடுத்து ஒரு பஸ். அதுவும் அடித்தது.

அதற்கடுத்து ஒரு வேன். அதுவும்.

“இங்க பாருங்க.” நிர்மலாதேவி மீட்டரைக் காட்டினாள். “பிரைட் போட்டா நீலக் கலர்ல ஒரு வெளக்கு எரியும். எரியுதா?”

“எரியல.”

“அப்ப என் பேர்ல தப்பு இல்ல.”

“தப்பு இல்லன்னு எமன்ட்ட சொல்லுவியா?”

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள்.

எதிரே ஒற்றை விளக்கு. பைக். பின்னால் ஒரு கட்டு தீவனத்தட்டை. ஓட்டி வந்தவர் ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்தார்...

பைக் அப்படியும் இப்படியும் நெளிந்தது.

ரோட்டை விட்டு இறங்கியது.

மக்காச்சோளக் காட்டுக்குள் புகுந்து காணாமல் போனது.

நிர்மலாதேவி பிரேக்கை மிதித்தாள். கார் கிறீச்சிட்டு நின்றது. இருவரும் இறங்கி ஓடினார்கள்.

சோளத்தட்டைகள் அசைந்தன. நடுவிலிருந்து ஒரு தலை எழுந்தது. தலை முழுக்க சோளத் தோகை.

“அண்ணாச்சி... அடி எதும் பட்டுருச்சா?”

“அடி கெடக்கட்டும். ஏம்மா, நீ ஓட்டிட்டு வாரது காரா, இல்ல கரண்டு எடுக்குத காத்தாடி உச்சியில கட்டுன லைட்டா?” அவர் தட்டுத்தடுமாறி வரப்பில் ஏறினார். பெயர் செல்லச்சாமி. பக்கத்து ஊரில் ஆடு வளர்ப்பவர். முழங்கையில் சிராய்ப்பு. வேறு சேதம் இல்லை. “ரோடும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல. வெள்ளையா வந்துச்சு. செத்துட்டேன்னே நெனச்சேன்.”

“மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி. டிம்லதான் போட்டிருந்தேன்...”

சொல்லிக்கொண்டே காரைத் திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

காரின் இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சம் ரோட்டில் விழவே இல்லை. தள்ளி நின்ற வேப்பமரத்தின் உச்சிக் கிளையில் விழுந்தது. அங்கே அடைந்திருந்த காக்கைகள் விடிந்துவிட்டதென்று நினைத்துக் கத்தத் தொடங்கியிருந்தன.

“என்னங்க... நம்ம வண்டிய பக்கவாட்டுல நின்னு பாருங்க.”

அருண்குமார் பார்த்தான்.

முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருந்தது.

“பின்பக்கம் எறங்கினா முன்பக்கம் ஏறும். லைட்டும் சேந்து ஏறும். நாம டிம் போட்டாலும் வாரவன் கண்ணுக்கு அது பிரைட்டுதான்.” நிர்மலாதேவியின் குரல் மெதுவாக இறங்கியது. “பாவம், ஒருத்தன் பேர்லயும் தப்பு இல்ல. டிக்கில என்ன வச்சீங்க?”

“ரெண்டு தாம்பூலப் பை. பந்தி முடிஞ்சதும் வந்து வச்சேன், பெறவு தெறக்கவே இல்ல.”

“ரெண்டு தேங்காய்க்கு வண்டி இப்பிடியா உக்காரும்?”

டிக்கியின் பூட்டு தீபாவளிக்கு முன்பே கெட்டுவிட்டது. அமுக்கினால் மூடும். இழுத்தால் திறக்கும்.

யார் இழுத்தாலும்.

நிர்மலாதேவி இழுத்தாள்.

முதலில் தெரிந்தது ஒரு கால்.

பிறகு இன்னொரு கால். பட்டு வேட்டி. பட்டுச் சட்டை. சந்தன வாசனை. கை இரண்டையும் சீரியல் செட் ஒயரால் சுற்றியிருந்தார்கள். வாயில் ஒரு ஜரிகைத் துண்டு. பெரிய உடம்பு. தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது.

அசைவில்லை.

செல்லச்சாமி எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் பின்வாங்கினார்.

“பொணத்த வச்சுக்கிட்டாவே என்ட்ட மன்னிப்பு கேட்டீங்க?”

“அண்ணாச்சி, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது... சத்தியமா...”

செல்லச்சாமி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பைக்கைச் சோளத்திலிருந்து பிடுங்கினார். உதைத்தார். தீவனக் கட்டு அங்கேயே கிடக்க, பைக் சங்கரன்கோவிலுக்குப் போகும் குறுக்குப் பாதையில் பறந்தது.

 அருண்குமார் குனிந்து, அந்த வாயிலிருந்த துண்டை இழுத்தான். மூக்கருகே விரலை வைத்தான்.

“மூச்சு வருது நிம்மி. உசிரு இருக்கு.”

“முகத்தப் பாருங்க. யாருன்னு தெரியுதா?”

அருண்குமார் செல்போன் வெளிச்சத்தை அடித்தான். மண்டப வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனர் அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. அதில் ‘மகாராஜா’ என்ற பெயருக்கு மேலே ரோஜாப்பூ நிறத்தில் சிரித்த அதே முகம். நேரில் இன்னும் இரண்டு படி கருப்பு.

“மாப்பிள்ளை மகாராஜா.”

“யாரு?”

“மாப்பிள்ளைட்டீ. சண்முகையா சாரோட மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் போயிட்டு, மாப்பிள்ளையவே தூக்கிட்டு வந்துட்டோம்.”

அவனை அறியாமல் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. நடு ரோட்டில், திறந்த டிக்கி முன்னால், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது.

திருவேங்கடம் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. உச்ச வேகம். முழு பிரைட். தூரத்திலிருந்தே பளீர்... பளீர் என்று அடித்துக்கொண்டு.

“யாரோ இவரக் கடத்தியிருக்கான்.” நிர்மலாதேவி டிக்கியை அறைந்து மூடினாள். “வண்டி மாறி நம்ம டிக்கில போட்டுட்டான். இப்ப தேடி வாரான்.”

“மண்டபத்துக்குத் திரும்பிருவோமா?”

“அவனத் தாண்டியா போவ முடியும்? ஏறுங்க. நேரா சங்கரன்கோவில் போலீஸ் டேசன்.”

“டேசனுக்கா? டிக்கில ஆள வச்சுக்கிட்டா?”

“வச்சுக்கிட்டு வேற எங்க போவீங்க? சினிமாவுக்கா?”

கார் சீறிக் கிளம்பியது.

பின்னால் வந்த வெளிச்சமும் விடவில்லை. உள் கண்ணாடியில் அடித்து நிர்மலாதேவியின் கண்ணைக் கூச வைத்தது. கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்னத் தகட்டைத் தட்டி வெளிச்சத்தை மங்க வைத்தாள். முன்னால் வருகிறவன் அடிக்கிறான். பின்னால் வருகிறவன் அடிக்கிறான். நடுவில் இவர்கள்.

அப்போது...

“யாருவே வண்டி ஓட்டுதது?”

டிக்கியிலிருந்து குரல்.

அருண்குமார் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தான். “மாப்பிள்ளை... பயப்படாதீங்க. நாங்க பொண்ணு வீட்டுக்கு வேண்டியவங்க. உங்கள யாரு கடத்துனா?”

“அதெல்லாம் பெறவு பேசுவோம். பின்னால ஏதும் வண்டி வருதா?”

“வருது. விரட்டிக்கிட்டே வருது.”

டிக்கிக்குள் அவன் புரளும் சத்தம் கேட்டது.

“நிப்பாட்டிராதீங்க. உங்க புள்ளகுட்டி நல்லாருக்கும். நேரா மதுரைக்கு விடுங்க.”

“மதுரைக்கா? காலையில உங்களுக்குக் கல்யாணம்.”

“கல்யாணம் என்ன கல்யாணம்... எப்ப வேணும்னாலும் பண்ணிக்கிடலாம்.”

நிர்மலாதேவி கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். உயிருக்குப் பயந்தவன் உளறுகிறான் என்று இருவருக்கும் பட்டது.

இன்னொரு லாரி எதிரே வந்தது. ஹாரனையும் சேர்த்து அடித்தது.

“இப்பிடியே போனா டேசனுக்கு முன்னாடி எவனாவது நம்ம மேல ஏத்திருவான் நிம்மி. அந்த லைட்ட ஏதாவது செய்.”

அவள் இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதன் கீழே துழாவினாள். வாங்கிய நாளிலிருந்து தொடாமலே விட்ட ஒரு சின்னத் திருகு அங்கே இருந்தது. பக்கத்தில் ஒரு விளக்குப் படம். கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி.

திருகினாள்.

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சம் மெதுவாகக் குனிந்து ரோட்டில் படுத்தது.

“அட... இவ்வளவுதானா?” என்றான் அருண்குமார்.

“பின்னால வெயிட்டு ஏத்துனா லைட்ட கீழ எறக்கத்தான் இத வச்சிருக்கான். நாம ரேடியோ சவுண்டுன்னு நெனச்சோம்.”

அடுத்து வந்த வேன் அடிக்காமல் போனது. அதற்கடுத்த டிராக்டரும் அடிக்கவில்லை. பின்னால் விரட்டிய காரும் ஒரு வளைவில் கொஞ்சம் பின்தங்கியது. நிர்மலாதேவி அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டாள். தூரத்தில் ஊரின் விளக்குகள் தெரிந்தன.

மறுபடியும்...

எதிரே வந்த ஆட்டோ ஒன்று பளீர் பளீர் என்று அடித்தது.

அதற்குப் பின்னால் வந்த காரும்.

“இப்ப எதுக்கு அடிக்கான்? லைட்டுதான் எறங்கிருச்சே.”

நிர்மலாதேவி ஒரு கணம் யோசித்தாள். கண்கள் விரிந்தன.

“இது திட்டுறதுக்கு அடிக்கதில்ல. முன்னால செக்கிங் நிக்காங்க, பாத்துப் போன்னு நமக்கு நல்லது செய்தான்.”

அவள் சொல்லி முடிக்கவும் வளைவு வந்தது.

வளைவைத் தாண்டியதும் இரும்புத் தடுப்பு. நீலமும் சிவப்புமாய்ச் சுழலும் விளக்கு. ஜீப். நான்கைந்து போலீஸ். நடுவில் இடுப்பில் கை வைத்தபடி சப்-இன்ஸ்பெக்டர் சங்கரேஸ்வரி.

அவருக்குப் பக்கத்தில், தலையில் இன்னும் சோளத் தோகையோடு செல்லச்சாமி.

“இதே வண்டிதாம்மா.”

“ரெண்டு பேரும் எறங்குங்க. கைய வெளிய தெரியுத மாதிரி வைங்க.”

இறங்கினார்கள். அருண்குமார் வங்கியில் கேஷியர். வாழ்நாளில் ஹெல்மெட் கேஸ்கூட வாங்காதவன். இரண்டு கையையும் தூக்கியபடி, “மேடம், நாங்களே உங்ககிட்டதான் வந்துக்கிட்டு இருந்தோம்” என்றான்.

“எல்லாவனும் அப்பிடித்தான் சொல்லுதான். டிக்கியத் திற.”

கான்ஸ்டபிள் இழுத்தார். திறந்தது.

மாப்பிள்ளை மகாராஜா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். ஒயரை அவிழ்த்துவிட்டார்கள். தரையில் இறங்கி நின்றான். சுற்றிலும் காக்கிச் சட்டையைப் பார்த்தான். முகத்தில் ஏதோ ஓடியது.

“உங்கள இப்பிடிக் கட்டிப் போட்டது யாரு?” சங்கரேஸ்வரி கேட்டார்.

அவன் நிர்மலாதேவியைப் பார்த்தான். அருண்குமாரைப் பார்த்தான்.

“இவங்க ரெண்டு பேருந்தான்.”

நிர்மலாதேவி அவன் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

“அடப்பாவி... உன் வாயில இருந்த துணிய எடுத்து மூச்சு விட வச்சதே எம் புருசன்தான்.”

“ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க” என்றார் சங்கரேஸ்வரி. பிறகு மகாராஜாவிடம், “நீங்களும் வாங்க. ஒரு கம்ப்ளைண்ட் எழுதிக் குடுக்கணும். ஆதார் கார்டு வச்சிருக்கீங்களா?”

மகாராஜா உதட்டை நக்கிக்கொண்டான்.

“கம்ப்ளைண்ட் எல்லாம் எதுக்கு மேடம்... பாவம், குடும்பஸ்தங்க. நான் மன்னிச்சு விட்டுருதேன். ஒரு மதுரை பஸ்ல மட்டும் ஏத்தி விட்டுருங்க.”

சங்கரேஸ்வரியின் புருவம் மேலே ஏறியது.

“உங்களக் கட்டி, வாயில துணிய அடைச்சு, டிக்கில போட்டுத் தூக்கிட்டு வந்திருக்காங்க. நீங்க மன்னிக்கீங்க?”

“எனக்கு எளகுன மனசு மேடம்.”

அப்போதுதான் அந்த வெளிச்சம் வந்தது.

வளைவைத் தாண்டி, முழு பிரைட்டில், தடுப்புக்கு நேராக. போலீஸ்காரர்கள் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். டயர் கதற, அந்தக் கார் தடுப்பை முட்டாமல் நின்றது.

அதுவும் வெள்ளை. நிர்மலாதேவியின் காரேதான் இன்னொன்று என்று சொல்லும்படி அதே மாடல்.

கதவு திறந்தது.

முதலில் தரையில் ஊன்றியது ஒரு கொலுசுக் கால்.

மயில்கழுத்துப் பட்டுச்சேலை. தலை நிறைய மல்லிகை. நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாய்ச் சரிந்து காதில் தொங்கியது. சண்முகையாவின் மகள் ஜெயசித்ரா. மருந்தாளுநர் படிப்பு முடித்தவள். மணப்பெண்.

“ஐயோ பாவம், மாப்பிள்ளையத் தேடி அந்தப் பிள்ளை தனியா வந்திருக்கு” என்று உருகினார் செல்லச்சாமி.

மகாராஜா அவளைப் பார்த்தான்.

பார்த்த மறுகணம் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தான்.

ஓடிப்போய் நிர்மலாதேவியின் டிக்கிக்குள் தானாகவே ஏறிப் படுத்து, உள்ளிருந்தபடி கதவை இழுத்து மூடிக்கொண்டான்.

சங்கரேஸ்வரி மூடிய டிக்கியையும் மணப்பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்ப இவரக் கடத்துனது யாரு?” என்று பொதுவாகக் கேட்டார் சங்கரேஸ்வரி.

“நாந்தான்” என்றாள் ஜெயசித்ரா.

மூச்சு வாங்கியது அவளுக்கு. காரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

“டீச்சரும் சாரும் ஒரு பாவமும் அறியாதவங்க மேடம். மத்தியானம் என் போனுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. இவனும் ஒரு பொண்ணும் மாலையும் கழுத்துமா. அனுப்புனது அந்தப் பொண்ணுதான். ராஜபாளையத்துக்காரி. நகைய அள்ளிட்டுப் போயிட்டானாம். அவகிட்டப் பேசிக்கிட்டு இருக்கும்போதே இன்னொருத்தி நம்பரும் குடுத்தா. அவளுக்கும் இவன்தான் புருசன்.”

“உங்க அப்பாட்டச் சொன்னியா?”

“சொன்னேன்.” அவள் காதில் தொங்கிய நெற்றிச்சுட்டியைப் பிடுங்கினாள். “‘ஊரே வந்து நிக்கி. காலையில தாலி ஏறட்டும், மத்ததப் பெறவு பேசிக்கிடலாம்’னாரு. பெறவுன்னா எப்ப மேடம்? நான் நாலாவது ஒருத்திக்குப் போட்டோ அனுப்பும்போதா?”

நிர்மலாதேவி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அதான் இவன உங்ககிட்டயே கொண்டாந்து சேத்துருவோம்னு நெனச்சேன். பாயாசத்துல தூக்க மாத்திரையக் கலந்து குடுத்தேன். மண்டபத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி, ‘எங்க ஆச்சி நகைப்பெட்டி கார் டிக்கில கெடக்கு, எடுங்க’ன்னேன். நகைன்னதும் தலைய உள்ள விட்டான். மாத்திரையும் சரியா அப்பப் பாத்து வேலை செஞ்சுது. கால மட்டும் தூக்கி உள்ள போட்டுக் கட்டுனேன்.”

“அதுக்கு ஏன் இவங்க வண்டி?”

“அங்கன வெளிச்சமே இல்ல மேடம். ரிமோட்ட அமுக்குனேன், கீக்னு சத்தம் வந்துச்சு. பக்கத்து வண்டியத் தெறந்துட்டேன், அதுவும் தெறந்துருச்சு. சாவிய வச்சுக் கெளம்புததுக்குள்ள போட்டோக்காரர் படம் எடுக்கணும்னு புடிச்சுக்கிட்டாரு. வந்து பாத்தா என் டிக்கில ஆளைக் காணோம். டீச்சர் வண்டி கேட்டத் தாண்டிப் போவுது. பின்பக்கம் தொங்குதத வச்சுக் கண்டுபிடிச்சேன். நிப்பாட்டச் சொல்லித்தான் அம்புட்டு நேரமும் லைட்ட அடிச்சேன். டீச்சர் இன்னும் வேகமாப் போறாங்க.”

டிக்கி கொஞ்சமாய்த் திறந்தது. இடுக்கில் ஒரு கண்.

“மேடம்... அவளே ஒத்துக்கிட்டா. ஆள் கடத்தல் கேஸ் போடுங்க.”

“தாராளமாப் போடலாம்.” சங்கரேஸ்வரி பேனாவை எடுத்தார். “கம்ப்ளைண்ட் எந்தப் பேர்ல எழுதட்டும்? ராஜபாளையத்துல சொன்ன பேரா, இங்க சொன்ன பேரா, இல்ல உங்க அம்மா வச்ச பேரா?”

டிக்கி மூடிக்கொண்டது.

கான்ஸ்டபிள்கள் அதைத் திறந்து, உள்ளே இருந்ததை வெளியே எடுத்து, ஜீப்பில் ஏற்றினார்கள். கார் ஒரு பெருமூச்சோடு நிமிர்ந்தது.

ஜெயசித்ராவின் போன் அடித்தது.

அப்பா.

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ஏட்டி... எங்கட்டி இருக்க? மாப்பிள்ளையையும் காணும், ஒன்னையும் காணும். ஆயிரம் பேருக்கு அடுப்பு பத்த வச்சாச்சு. சனங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசும்போது குரல் தெளிவாக இருந்தது.

“அடுப்ப அணைக்காண்டாம்ப்பா. சமைங்க. எல்லாருக்கும் வயிறாரப் போடுங்க. எம் மக தப்பிச்சுக்கிட்டா, அதுக்குத்தான் சாப்பாடுன்னு சொல்லுங்க.”

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது.

“நான் மத்தியானமே கேட்டிருக்கணும்மா...” என்றார் சண்முகையா. அப்புறம் பதறியபடி, “அந்தப் பய இப்ப எங்க?”

சங்கரேஸ்வரி போனை வாங்கினார்.

“மாப்பிள்ளையப் பத்திக் கவலைப்படாதீங்க அண்ணாச்சி. மாமியார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்.”

“மாமியார் வீட்டுக்கா? அவன் மாமியாரு இங்கன எம்பக்கத்துலல்லா நிக்கா?”

“அது வேற அண்ணாச்சி. இந்த மாமியா, மருமகன் போறேன்னு சொன்னாலும் அனுப்ப மாட்டா.”